பேட்டரி புகாத குழி

வெர்லின் கேட்லெட் முப்பது வருஷமாக நெல் உலர்த்தும் ஆலையில் வேலை பார்ப்பவர். அந்த வேலைக்காக ஊரில் யாரும் அவரை நினைவில் வைத்திருக்கவில்லை. உமித்தூசி படிந்த தொப்பியும், எதையோ உற்றுக் கேட்பவர்போலச் சற்றுச் சாய்ந்த தலையுமாக அவர் தெருவில் நடந்தால், “வாத்தை வானத்துலேர்ந்து கழுத்தைப் பிடிச்சு இறக்குற ஆளு போறாரு பாரு” என்றுதான் சொல்வார்கள்.

அமெரிக்காவில், ஆர்கன்சா மாநிலத்தின் இந்தத் தாழ்நிலத்தில் நெல் அறுத்து முடித்து, குளிர்கால மழையும் பெய்துவிட்டால், ஓக் காட்டுக்குள் தொடையளவு தண்ணீர் ஏறி நிற்கும். காட்டின் நடுவே மரமில்லாமல் வானம் தெரிகிற வட்டத்தைக் குழி என்பார்கள். வடக்கிலிருந்து வரும் பச்சைத்தலை வாத்துகள் அந்தக் குழிக்கு மேலே சுற்றும். ஒருமுறை சுற்றிச் சந்தேகப்படும், மறுமுறை சுற்றி யோசிக்கும். கீழே மிதக்கிற பொம்மை வாத்துகளை நம்பினால்தான் கிளைகளுக்கிடையே விழுந்து இறங்கும். நம்பவைக்க வேட்டைக்காரனிடம் இருந்தவை இரண்டு. ஒன்று வாயில் வைத்து ஊதும் ஊதல். மற்றொன்று கால். ரப்பர் கால்சட்டையை மார்புவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு, மரத்தை ஒரு கையால் அணைத்தபடி தண்ணீரை உதைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அலை பரவினால் பொம்மைகளுக்கு உயிர் வரும். அலையில்லாத தண்ணீரில் அவை செத்த மாதிரி கிடக்கும். வாத்துக்கு அது மேலிருந்தே தெரிந்துவிடும்.

பிறகு மோட்டார் வைத்த பொம்மைகள் வந்தன. சிறகு சுற்றுகிறவை, வாலாட்டுகிறவை, வயிற்றுக்குள் எதையோ குலுக்கித் தண்ணீரை நடுங்க வைக்கிறவை. பக்கத்து வேட்டை முகாம்களில் எல்லாம் விடியுமுன்னே பேட்டரி சுமக்கிற வேலை தொடங்கிவிடும். வெர்லின் போகிற முகாமின் குழிக்குள் மட்டும் ஒரு பேட்டரியும் போனதில்லை. அது அவர் வைத்த சட்டம்.

அந்தச் சட்டத்தை அவர் ஒருமுறை காப்பாற்றியும் காட்டியிருந்தார். சில குளிர்காலங்களுக்கு முன்னால் அவருடைய மச்சான் ஹோலிஸ், மனைவி லவோனின் தம்பி, சிறகு சுற்றும் பொம்மை ஒன்றை ஆசையாகக் கொண்டுவந்து கம்பத்தில் நட்டான். படகு மோட்டார் பழுது பார்க்கிறவன். பொம்மையின் வயர்களையெல்லாம் அவனே புதிதாகக் கட்டியிருந்தான். வெர்லின் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போய்ப் பேட்டரியைப் பிடுங்கி, காட்டுக்குள் ஆழமாக ஓடும் ஓடைப் பக்கம் வீசினார்.

“ஊத வாயில்லாதவன்தான் பேட்டரி தூக்கிக்கிட்டு வருவான்” என்றார், எல்லோருக்கும் கேட்க.

எல்லோரும் சிரித்தார்கள். ஹோலிஸும் சிரித்தான். அதன்பின் அவன் குழிப்பக்கம் வரவில்லை. பண்டிகை விருந்துகளுக்கு வருவான். மேசையின் மறுகோடியில் உட்கார்ந்து, அக்காவின் சோற்றையும் குழம்பையும் சாப்பிட்டுவிட்டு, சீக்கிரமே வண்டியைக் கிளப்பிப் போய்விடுவான்.

போன பிப்ரவரியில், வாத்து வேட்டைக் காலம் முடிந்த மறுவாரம், வெர்லின் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வாயிலிருந்த தண்ணீர் இடப்பக்கமாகத் தானே வழிந்தது. கண்ணாடியில் பாதி முகம் அவருடையதாக இருந்தது. மறுபாதி தூங்கிக்கொண்டிருந்தது. முகவாதம், தானாகச் சரியாகும் என்றார் டாக்டர். முக்கால்வாசி சரியாகவும் செய்தது. கண் மூடியது, சிரிப்பு திரும்பியது. உதட்டின் இடது ஓரம் மட்டும் வரவில்லை. பேச்சில் அது தெரியாது. காபி குடிக்கும்போது தெரியாது. இலையுதிர் காலம் வந்ததும் அவர் வண்டியை அறுத்த வயலின் கடைசிக்கு ஓட்டிப் போய், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஊதிப் பார்த்தார். சத்தம் நேராகக் கிளம்பி, பாதியில் காற்று ஒழுகி, கதவிடுக்கில் வால் மாட்டிய பூனையாக முடிந்தது. மறுபடி ஊதினார். மறுபடி பூனை.

சரி, வாய் போனால் கால் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. வலது முழங்காலை முன்பே அறுத்து மாற்றியிருந்தார்கள். கொஞ்ச நேரம் உதைத்தாலே உள்ளுக்குள் ஆணி இறங்கும்.

உள்ளூர்க் கடையில் வாங்கினால் சாமானைப் பையில் போடுவதற்குள் சேதி முகாமுக்குப் போய்விடும். அடுத்த மாவட்டத்துக் கடைக்குப் போனார், தொப்பியைப் புருவம்வரை இழுத்துக்கொண்டு. தண்ணீரைக் குலுக்குகிற பொம்மை ஒன்று, செங்கல் கனத்துக்கு ஒரு பேட்டரி, உள்ளங்கைக்குள் அடங்கும் ரிமோட். “பேரனுக்கா?” என்று கேட்டாள் கடைப் பெண். “ஆமா” என்றார். அவருக்குப் பேரன் கிடையாது.

துணி துவைக்கும் அறையில், சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னால் வைத்து சார்ஜ் போட்டார். இரண்டாம் நாளே லவோன் கையில் ஈரத்துணியோடு வந்து நின்றாள்.

“இந்த அலமாரி ஏன் சூடா இருக்கு?”

“அது... புல்லு வெட்டுற மெஷினோட பேட்டரி.”

“டிசம்பர்ல புல்லு வெட்டப் போறியா? பனியையா வெட்டப் போறே?”

“வெச்சா கெட்டுப் போயிடும்னு...”

லவோன் டப்பாவை எடுத்தாள், வேண்டிய அளவு சோப்பைக் கொட்டினாள், டப்பாவை முன்பிருந்ததைவிட நன்றாக மறைக்கும்படி வைத்தாள். “எங்கிட்ட நீ மறைச்சு வெச்ச கிறிஸ்துமஸ் பரிசெல்லாம்கூட இதைவிட ஒழுங்கா இருந்துச்சு வெர்லின்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று அவருக்குக் காது மடல்வரை சுட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை.

ஒரு மத்தியானம் தனியாகப் படகில் போய், தான் எப்போதும் சாய்ந்து நிற்கும் ஓக் மரத்தின் பின்புறம் பேட்டரிக்கு ஒரு பெட்டியைக் கட்டினார். பட்டையைப் பிய்த்து மேலே ஒட்டினார். வயர் தண்ணீருக்கடியில் போயிற்று. மிதந்துகொண்டிருந்த பழைய பொம்மைகளுக்கு நடுவே புதியது ஒன்று கூடியதை யாரும் கண்டுகொள்ளவில்லை. பேட்டரியை மட்டும் சாப்பாட்டுப் பையில் வீட்டுக்குக் கொண்டுபோய் மறுபடி கொண்டுவருவார். வாத்துகள் தலைக்குமேல் வந்ததும் முகாம் தலைவன் ட்ரூயிட்டும் லாரி ஓட்டும் கோயும் உரக்க ஊதுவார்கள். வெர்லின் ஊதலை உதட்டில் வைத்து, வாத்து இரை பொறுக்கும்போது முனகுகிற சன்னமான சத்தத்தை மட்டும் போடுவார். அதற்கு உதடு இறுகத் தேவையில்லை. இடது கையுறைக்குள் கட்டைவிரல் அமுக்கும். தண்ணீர் சிலிர்க்கும். வாத்துகள் இறங்கும்.

“கத்துறது நாங்க, காரியம் முடிக்கிறது அண்ணன். காதுல ரகசியம் சொல்ற மாதிரி ஊதுறாருய்யா!” என்பான் கோய்.

அந்தப் பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் வெர்லின் குனிந்து துப்பாக்கியைத் துடைப்பார். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஜனவரியில் ட்ரூயிட் ஆலை வாசலிலேயே அவரைப் பிடித்தான். வேட்டைக் காலத்தின் கடைசி வார இறுதியில் குழியின் முகப்பில் ஒரு பலகை அடிக்கப்போகிறார்களாம். சைப்ரஸ் பலகை. ‘கேட்லெட் குழி. இங்கே பேட்டரிக்கு இடமில்லை’ என்று செதுக்கியாகிவிட்டதாம்.

“செத்தவனுக்குத்தானேப்பா பலகை அடிப்பாங்க.”

“நீங்க இருக்கும்போதே அடிச்சாத்தானே ரெண்டு டவுன் பசங்க பயப்படுவானுங்க. நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேருக்கு மோட்டார் ஆசை வந்துருச்சுண்ணே. உங்க பேருதான் இன்னும் புடிச்சு வெச்சிருக்கு. ஹோலிஸையும் கூட்டிட்டு வாங்க. பழசெல்லாம் எதுக்கு?”

அதை லவோனிடம் சொல்லித் தொலைத்தார். அவள் அப்போதே தம்பிக்குப் போன் போட்டாள்.

ஹோலிஸ் வெள்ளிக்கிழமை மத்தியானமே வந்துவிட்டான். படுக்க அவனுக்கு விட்டது துணி துவைக்கும் அறையை ஒட்டிய கட்டில். கதவும் இல்லாத அறை. பேட்டரியை சார்ஜ் போட வெர்லின் பையைத் தூக்கிக்கொண்டு அங்கே இரண்டுமுறை போனார், இரண்டுமுறையும் ஹோலிஸ் நிமிர்ந்து, “என்ன தேடுறீங்க அத்தான்?” என்றான். மூன்றாவது முறை போகவில்லை. முந்தைய வேட்டையில் பாதி தீர்ந்த பேட்டரியைப் படகின் முன்தட்டில், கித்தானுக்கடியில் தள்ளிவிட்டு வந்தார். அன்றிரவு படகுத்துறையில் கட்டியிருந்த கயிறெல்லாம் உறைந்து கம்பியாகிற குளிர்.

சனிக்கிழமை காற்றே இல்லை. விடிந்தபோது குழித் தண்ணீர் துடைத்துவைத்த கண்ணாடி. ஒவ்வொருவரும் தத்தம் மரத்தடியில் நின்றார்கள். ஹோலிஸ் வெர்லினுக்கு அடுத்த மரம்.

முதல் கூட்டம் வந்தது. ட்ரூயிட் ஊதினான், கோய் ஊதினான், வெர்லின் முனகினார், கட்டைவிரல் அமுக்கியது. தண்ணீர் சிலிர்த்தது. கொஞ்சம் நின்றது. அதே அளவு சிலிர்த்தது. கொஞ்சம் நின்றது. ஹோலிஸின் பார்வை வானத்திலிருந்து கீழே இறங்கியதை வெர்லின் பார்த்தார். மோட்டாரோடு வாழ்கிறவன். யாருடைய காலும் அப்படித் தாளம் தவறாமல் உதைக்காது என்று அவனுக்குத் தெரியாதா? ஆனால் அவன் மறுபடி அண்ணாந்து வானத்தைப் பார்க்கத் தொடங்கினான்.

இரண்டாவது கூட்டம் பெரிது. இறகுச் சத்தம் மரங்களுக்கு மேலே மழைபோல வந்தது. வெர்லின் அமுக்கினார். தண்ணீர் ஒருமுறை நடுங்கி, இழுத்து, ஓய்ந்தது. மறுபடி அமுக்கினார். ஒன்றுமில்லை. கையுறைக்குள் விரல் நோக அமுக்கினார். பொம்மைகள் அத்தனையும் ஆணியடித்த மாதிரி நின்றன. மேலே வாத்துகளின் வட்டம் உயர்ந்தது, அகன்றது.

“என்னண்ணே, போகுதே! கூப்பிடுங்க!” என்று கோய் அடிக்குரலில் பதறினான்.

வெர்லினின் உதட்டில் ஊதல் இருந்தது. அதற்குள் காற்று போகவில்லை.

அப்போது பக்கத்து மரத்தடியில் தண்ணீர் கலங்கியது. ஹோலிஸ் மரத்தைக் கட்டிக்கொண்டு உதைக்கத் தொடங்கியிருந்தான். வெர்லினைப் பார்க்கவில்லை. முகத்தை வானத்துக்குக் கொடுத்துவிட்டு, ஒரு கால் ஓய்ந்தால் மறுகாலால், கொஞ்சம் வேகமாக, கொஞ்சம் மெதுவாக, உயிருள்ளது எப்படி அசையுமோ அப்படி உதைத்தான். அலை வெர்லினின் இடுப்பைத் தொட்டுவிட்டு, பொம்மைகளைத் தூக்கிப்போட்டுக்கொண்டு போயிற்று. உயரே போன கூட்டம் தயங்கியது, சரிந்தது, கிளைகளுக்கிடையே கொட்டியது.

காலை முழுக்க உதைத்தான். அவன் மூச்சு இரைத்தது வெர்லினுக்குக் கேட்டது. ஒருமுறை, “போதும் மச்சான்” என்றார். “உடம்பு சூடாகுதுல்ல” என்றான் அவன், திரும்பாமலேயே.

படகில் திரும்பும்போது கோய் வாய் ஓயவில்லை. “மேகத்துக்குள்ள போன கூட்டத்தைத் திருப்பிக் கொண்டாந்தாரு பாத்தியா? ஹோலிஸ், நீ பக்கத்துலதானே நின்னே? என்ன ஊதுனாரு?”

“அத்தான் ஊதுனா வரும்” என்றான் ஹோலிஸ்.

வெர்லினுக்கு அந்த நான்கு மைல் தண்ணீரில் எங்காவது படகு கவிழ்ந்தால் நன்றாக இருக்கும்போல இருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். நாலு பேர் முன்னால் பெட்டியைப் பிடுங்கி ஓடையில் வீசியிருந்தாலும் தாங்கியிருப்பார், அதுதான் கணக்குக்குச் சரி. இவன் மூடி மறைக்கிறான். அவரிடம் வாங்கிய அவமானத்தைத் திருப்பித் தராமல் தன்னுடனேயே வைத்துக்கொள்கிறான்.

முகாம் வீட்டில் வாத்துக் குழம்பும் சோறும் பரிமாறி முடிந்ததும் ட்ரூயிட் பலகையைக் கொண்டுவந்து மேசையில் சாய்த்தான். எழுத்துகளைத் தீயால் கருக்கியிருந்தார்கள். எல்லோரும் கரண்டியால் மேசையைத் தட்டினார்கள்.

“பேசுங்கண்ணே. ரெண்டு வார்த்தை. வழக்கமா நீங்க டவுன்காரனைத் திட்டுறதையே சொல்லுங்க.”

வெர்லின் எழுந்தார். முழங்கால் மளுக்கென்றது.

“இதை அடிக்காதீங்கப்பா” என்றார். “அந்தக் குழியில பேட்டரி இருக்கு. நான்தான் வெச்சேன். என் மரத்துக்குப் பின்னால. இந்த சீசன் முழுக்க.”

கோய் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். “ரொம்ப அடக்கம்ணே இது! பலகை வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க, இப்படியா?”

“விளையாட்டில்ல கோய்.”

“அத்தான் இப்படித்தான், சும்மா...” என்று ஹோலிஸ் அவசரமாக எழுந்தான். “குழம்பு ஆறுது, உக்காருங்க அத்தான்.”

“நீ உக்காரு மச்சான். காலையில நீதான் உதைச்சே. என் பேட்டரி செத்துப்போச்சு.” அவர் குரல் உடையவில்லை, உடைந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். “என்னால ஊத முடியலப்பா. வாய் போயிடுச்சு.”

“அட, வாய் போன ஆளு பேசுறாரு பாரு!” கோய்க்கு இன்னும் நம்பிக்கை போகவில்லை. “ஊதிக் காட்டுங்க, பாப்போம். ஊதுங்கண்ணே. ஒரே ஒரு தடவை, அந்தப் பெரிய கூப்பாடு.”

வெர்லின் கழுத்துக் கயிற்றில் கிடந்த ஊதலை எடுத்தார். கூடச் சேர்ந்து ஊத யாரும் இல்லை. ஊதினார். நேராகக் கிளம்பிய சத்தம் நடுவில் கிழிந்து, இடது ஓரத்தில் எச்சிலாகத் தெறித்து, மேசைவிரிப்பில் விழுந்தது. அவர் நிறுத்தவில்லை. தொடங்கியதை முடித்துத்தான் ஆக வேண்டும் என்பதுபோல, அந்தக் கூப்பாட்டின் கடைசிவரை, கிழிசலோடு ஊதி முடித்தார்.

யாரும் கரண்டியை எடுக்கவில்லை. ட்ரூயிட் பலகையைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

கோய்தான் கடைசியில் வாயைத் திறந்தான். “பலகையைத் திருப்பிப் போட்டா ரொட்டி வெட்டலாம்” என்றான். அவனுக்கு மௌனம் ஆகாது. இரண்டு பேர் சிரித்தார்கள். வெர்லினும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை முகத்தில் நிறுத்தி வைப்பதுதான் அன்றைக்கே பெரிய வேலையாக இருந்தது.

வெளியே வண்டியருகில் ஹோலிஸ் காத்திருந்தான். வெர்லின் சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயெடுத்தார். “அன்னிக்கு, உன் பேட்டரிய நான்...”

“அத்தான்.” ஹோலிஸ் வண்டியின் கதவைத் திறந்து பிடித்தான். “அதைச் சொல்லாதீங்க. நான் அதை மறக்கல. நீங்க சொன்னா மறந்துட்டேன்னு நான் சொல்ல வேண்டியிருக்கும்.”

வீட்டுக்குப் போனதும் ஹோலிஸ் வெர்லினின் சாப்பாட்டுப் பையிலிருந்து பேட்டரியை எடுத்துத் துடைத்து, சமையலறை மேடையில், ரொட்டி டப்பாவுக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணும் படும் இடத்தில் சார்ஜுக்குப் போட்டான். லவோன் பார்த்தாள். “புல்லு வெட்ட ஆள் வந்தாச்சா?” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை, வேட்டைக் காலத்தின் கடைசிக் காலை. வெர்லின் போர்வையை விட்டு எழவில்லை.

“வெட்கப்பட இந்த வீட்டுல இடமில்ல” என்றாள் லவோன் வாசற்படியிலிருந்து. “இன்னிக்கு என் தங்கச்சிங்க வராங்க. அவளுங்க கேள்விக்கெல்லாம் நீ பதில் சொல்றியா, இல்ல காட்டுக்குப் போறியா?”

போனார். அவர் பயந்தபடி யாரும் வராமலிருக்கவில்லை, எல்லோரும் வந்திருந்தார்கள். கோய் லாரிப் பெட்டியிலிருந்து சிறகு சுற்றும் பொம்மை ஒன்றை இறக்கினான். உறை பிரிக்காதது. எவ்வளவு நாளாக அங்கே கிடந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவனும், “சும்மா கிடந்துச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டு வெர்லினின் பக்கம் பார்க்காமல் கம்பத்தை நட்டான். பலகை வரவில்லை.

கூட்டம் ஒன்று கிழக்கிலிருந்து திரும்பி அவர்களுக்கு மேலே வந்தது. அந்த நொடியில் எல்லோரும், ட்ரூயிட், கோய், ஹோலிஸ்கூட, முதல் சத்தத்துக்காக வெர்லினைத் திரும்பிப் பார்த்தார்கள். எத்தனையோ வருஷப் பழக்கம் அது. பார்த்ததும் நினைவு வந்து, ஒரே சமயத்தில் அத்தனை முகங்களும் விலகின. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. நேற்று மேசையருகே நின்றதைவிட வெர்லினுக்கு அந்த விலகல்தான் உள்ளே இறங்கியது. தண்ணீர் இன்னும் கொஞ்சம் ஆழமாக இருந்திருக்கலாம்.

கோய் ஊதத் தொடங்கினான். சுமாராகத்தான் ஊதினான்.

வெர்லின் இடது கையுறையைப் பல்லால் கழற்றினார். ரிமோட்டை வெறுங்கையில், நெஞ்சளவு உயரத்தில், பார்க்கிறவன் பார்க்கட்டும் என்று பிடித்துக்கொண்டு அமுக்கினார். விறைத்த விரலுக்குப் பொத்தான் ஈயத்துண்டுபோலச் சில்லென்றிருந்தது. பொம்மைகளுக்கு நடுவே தண்ணீர் சிலிர்த்து, ஹோலிஸின் மரம்வரை போனது. வட்டம் தாழ்ந்தது.

“வருது, வருது” என்றான் கோய், ஊதலை வாயிலிருந்து எடுக்காமலேயே. “நிறுத்திடாதீங்கண்ணே.”

அவர் நிறுத்தவில்லை.